பெண்கள் பள்ளிக் கதைகளும் அவற்றைக் காத்தவர்களும்

சரித்திரம் என்றால் நம்மவருள் பெரும்பாலோர்க்கு அரசர்களும், போர்களும், சட்டங்களும், சர்க்கார் அறிக்கைகளுமே நினைவுக்கு வருகின்றன. பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தி விளக்கணைத்த பின் போர்வைக்குள் ஒளித்து வைத்துப் படித்த புத்தகம் யாது என்று கேட்பார் அரியர். அவ்வாறு படிக்கப்பட்டு, கைமாறி, அட்டை கிழிந்து, இறுதியில் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போன புத்தகங்களுள் ஒரு வகையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றேன். பெண்கள் பள்ளிக் கதை என்பது அதன் பெயர். ஆங்கில நாட்டில் பிறந்து, கப்பலேறி மலாயாவுக்கும் வந்து, நம் பெண்கள் சிலர் கையிலும் தவழ்ந்த கதை அது.

சிறு பிராயம் முதற்கொண்டு இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து வருகின்றேன். தோட்டத்துக் கிராணி வேலைக்கும் சிறுமிகளின் கதைப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. சம்பந்தம் உண்டு. செக்ரோலில் பெயர் எழுதப்படாதவர் அன்று வேலை செய்தும் செய்யாதவரேயாவர். சரித்திரமும் அத்தகைய ஒரு செக்ரோலே. எவர் பெயர் ஏட்டில் இல்லையோ அவர் இருந்தும் இல்லாதவராகின்றார். உலகம் அற்பம் என்று தள்ளிய இப்புத்தகங்களை ஏட்டில் ஏற்றியவர் அரசாங்கத்தாருமல்லர், பெரும் பண்டிதருமல்லர்; அவற்றைப் படித்து வளர்ந்த சாதாரணப் பெண்களே. இக்கட்டுரையின் கருத்து அதுவே.

முதலில் இக்கதைகளின் பிறப்பைப் பார்ப்போம். 1749-ம் ஆண்டில் ஸாரா பீல்டிங் என்னும் ஆங்கில மாது, ஓர் ஆசிரியையின் கீழ்ப் பயிலும் ஒன்பது சிறுமிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு கூடை ஆப்பிள் பழத்துக்காகச் சிறுமிகள் சண்டையிட்டுக் கொள்வதில் கதை தொடங்குகின்றது. ஆங்கிலத்தில் சிறுவர்க்கென்றே எழுதப்பட்ட முதல் நாவல் இதுவே என்று பலர் கருதுவர். எனினும் இந்நூலுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்வகைக் கதைகள் பெருகவில்லை. காரணம் வெளிப்படை. பள்ளிக் கூடமே இல்லாதபோது பள்ளிக் கதை எங்ஙனம் தழைக்கும்? செல்வர் வீட்டுப் பெண் வீட்டிலேயே தாதியிடம் சிறிது பிரெஞ்சும், சிறிது சங்கீதமும் கற்றாள். ஏழை வீட்டுப் பெண் கற்றவை அடுப்பும் தொட்டிலுமே.

இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. 1850-ல் பிரான்ஸஸ் மேரி பஸ் என்னும் அம்மையார் வட லண்டனில் பெண்களுக்கென உயர்தரப் பள்ளி ஒன்றை நிறுவினார். 1853-ல் செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரி தோன்றியது. 1869-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்து பெண்களுக்காகக் கிர்ட்டன் கல்லூரி எழுந்தது. 1870-ல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. பள்ளி வந்த பின்னரே கதை வந்தது. 1886-ல் எல். டி. மீட் என்னும் ஆசிரியை எழுதிய பள்ளி நாவல் பெரும் வரவேற்புப் பெற்றது. 1906-ல் ஏஞ்சலா பிரேசில் தம் முதற் பள்ளி நாவலை வெளியிட்டார். அவர் 1947-ல் காலமாகுமுன் எழுதிய இத்தகைய நூல்கள் ஏறக்குறைய ஐம்பது.

பிரேசில் அம்மையார் செய்த புதுமை யாது? அதுகாறும் பெண்களுக்கான கதை என்றால் பெரியோர் மேடைமீது நின்று செய்யும் உபதேசமாக இருந்தது. அடங்கி நட, பொய் பேசாதே, தையல் பழகு என்பன அதன் சாரம். பிரேசிலோ உபதேசியாரை மேடையிலிருந்து இறக்கிவிட்டு, மாணவியையே பேசவிட்டார். பள்ளிப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கொச்சைச் சொற்களையும், கேலியையும், கோபத்தையும் அப்படியே அச்சிலேற்றினார். பெண் பிள்ளைகள் அவற்றை விரும்பிப் படித்தனர். அதனாலேயே பெரியவர்கள் முகஞ் சுளித்தனர்.

அவரைத் தொடர்ந்து மூவர் புகழ் பெற்றனர்: எல்ஸி ஆக்ஸன்ஹாம், டொரிட்டா பேர்லி புரூஸ், எலினர் பிரென்ட்-டயர். பின்னர் வந்தவர் நம் நாட்டார் நன்கறிந்த எனிட் பிளைட்டன். ஆசிரியைப் பயிற்சி பெற்ற இவர், செயின்ட் கிளேர்ஸ் என்னும் பள்ளியைப் பற்றி 1941 முதல் 1945 வரை ஆறு நூல்களும், மாலரி டவர்ஸ் என்னும் பள்ளியைப் பற்றி 1946 முதல் 1951 வரை ஆறு நூல்களும் எழுதினார்.

இக்கதைகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. புதிதாக ஒரு பெண் விடுதிப் பள்ளிக்கு வருகின்றாள். கர்வியாகவோ, கோழையாகவோ, வீட்டு நினைவால் அழுபவளாகவோ இருக்கின்றாள். தோழமையும் பகைமையும் உண்டாகின்றன. நள்ளிரவில் ஒளிந்து விருந்துண்கின்றனர். பந்தாட்டம் ஒன்று நடைபெறுகின்றது. யார்மீதோ பொய்ப் பழி விழுகின்றது, உண்மை வெளிப்படுகின்றது. ஆண்டிறுதியில் அப்பெண் வேறொருத்தியாகின்றாள். அவ்வளவே கதை. இதில் என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். இதில் இல்லாததையே முதலில் கவனிக்க வேண்டும். பெண்ணைப் பற்றிய கதையாயிருந்தும் இவற்றுட் பெரும்பாலானவற்றின் நடுவே கலியாணம் இல்லை. மாப்பிள்ளை தேடும் படலம் இல்லை, நகை இல்லை, சீர் இல்லை. பெண்ணின் மானம் அவள் உடலில் வைக்கப்படாமல் அவள் சொன்ன சொல்லில் வைக்கப்பட்டிருக்கின்றது. பள்ளியை ஆள்பவள் பெண். தீர்ப்புச் சொல்பவள் பெண். ஆபத்தில் ஓடி வந்து காப்பவளும் பெண். இவ்வெளிய உண்மை, பன்னிரண்டு வயதில் படிப்பவள் மனத்தில் என்ன செய்திருக்கும் என்பதை அன்பர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, பிரென்ட்-டயர் அம்மையாரின் ஷாலே பள்ளிக் கதைகளைக் கூறுவேன். அவற்றுள் முதல் நூல் 1925-ல் வெளிவந்தது. பொருள் வசதியற்ற இளம் பெண்ணொருத்தி, நோயாளியான தங்கையைக் காப்பாற்றும் பொருட்டு, செலவு குறைந்த ஆஸ்திரிய மலை நாட்டில் தானே ஒரு பள்ளி தொடங்குகின்றாள். பிழைக்க வழியின்றி நின்றவள், உறவினரிடம் கையேந்தாமலும், கணவன் ஒருவனைத் தேடாமலும், பள்ளி நடத்திப் பிழைக்கத் துணிந்தாள் என்பதே கதையின் அடிப்படை. இத்தொடர் வளர்ந்து வருகையில் ஹிட்லரின் படை 1938-ல் ஆஸ்திரியாவை விழுங்கிற்று. ஆசிரியை கண்ணை மூடிக் கொள்ளவில்லை. 1940-ல் வெளியான நூலில், நாஜிக் கும்பலால் தாக்கப்படும் ஒரு யூத முதியவருக்காகப் பள்ளிப் பெண்கள் குறுக்கே பாய்கின்றனர். அதன் பயனாக நாட்டை விட்டே ஓட நேர்கின்றது. சிறுமிகளுக்கான பொழுதுபோக்குப் புத்தகம் என்று இதனை ஒதுக்குதல் நேர்மையாகுமா? பிரென்ட்-டயர் தாமும் ஆசிரியை. 1938 முதல் 1948 வரை ஹெரிபோர்ட் நகரில் சொந்தமாகப் பள்ளி நடத்தியவர். இத்தொடரின் கடைசி நூல், அவர் 1969-ல் மறைந்த பின், 1970-ல் வெளிவந்தது.

நிற்க. இந்நூல்களுக்கு நேர்ந்த கதி யாது? 1936-ம் ஆண்டில் லண்டன் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை எதெல் ஸ்டிரட்விக், பிரேசிலின் புத்தகங்களையெல்லாம் திரட்டி எரித்துவிடப் போவதாகக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே அறிவித்தார். பெண் கல்விக்காகப் பாடுபட்ட ஒரு பள்ளியிலிருந்து, பெண் பள்ளியைப் புகழ்ந்த புத்தகத்துக்கு எதிராக எழுந்த குரல் இது. பின்னாளில் பொது நூல் நிலையங்களும் பிளைட்டன் முதலியோரின் நூல்களை இலக்கியத் தகுதியற்றவை என்று ஒதுக்கின. பண்டிதரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆண் பிள்ளைகளின் ரக்பி பள்ளியைப் பற்றி 1857-ல் வந்த டாம் பிரவுன் கதை இலக்கிய வரிசையில் இடம் பெற்றது. பெண் பிள்ளைகளின் கதையோ கேலிப் பொருளாயிற்று. ஒரே சரக்கு, பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே வேறு.

ஆயினும் நூல்கள் அழியவில்லை. என்னை? படித்தவர்கள் விடவில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், தாயாகிப் பாட்டியான பின்னும் அவர்கள் பழைய புத்தகக் கடைகளிலும், மாதா கோவில் விற்பனைகளிலும் அவற்றைத் தேடினர். ஒருவரிடமுள்ள இரட்டைப் பிரதியை மற்றவருக்கு அனுப்பினர். பட்டியல் எழுதினர். 1976-ல் மேரி கடோகன், பட்ரீஷியா கிரெய்க் என்னும் இருவர் பெண்கள் கதைகளைப் பற்றி ஆராய்ச்சி நூலொன்று வெளியிட்டனர். 1981-ல் ஹெலன் மெக்லெலண்ட் எழுதிய பிரென்ட்-டயரின் வாழ்க்கை வரலாறு வந்தது. 1989-ல் ஷாலே பள்ளி நண்பர்கள் சங்கம் கூடிற்று. 2000-ம் ஆண்டில் சூ சிம்ஸ், ஹிலரி கிளேர் இருவரும் பெண்கள் பள்ளிக் கதைகளுக்கு ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்தனர். சர்வகலாசாலைகள் இன்று இதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்கின்றன. ஆனால் ஆராய்ச்சிக்குரிய ஏடு எங்கிருந்து வந்தது? ஓய்வு நேரத்தில் தூசி தட்டியவர்களின் அலமாரியிலிருந்து வந்தது.

சேகரிப்பது எளிதென்று எண்ணற்க. அக்காலப் பிரசுரகர்த்தர் பலர் புத்தகத்தில் ஆண்டு அச்சிடுவதில்லை. ஆகவே, முதற் பக்கத்தில் எவரோ மையால் எழுதிய தேதியும், பரிசுச் சீட்டுமே காலத்தைக் காட்டும் சாசனங்கள். யுத்த காலத்துப் பிரதி என்பதை அதன் மெலிந்த, பழுப்பேறிய காகிதம் சொல்லும். அன்று இங்கிலாந்தில் காகிதத்துக்குப் பங்கீடு இருந்தது. ஷாலே பள்ளி நூல்கள் 1967 முதல் ஆர்மடா மலிவுப் பதிப்பில் வந்தபோது பல இடங்களில் வெட்டிச் சுருக்கப்பட்டன. ஆதலின் முழுக் கதையும் வேண்டுவோர் பழைய கட்டுப் புத்தகத்தையே நாட வேண்டும். நம் நாட்டிலோ இன்னும் ஒரு பகை உண்டு. மலாயாவின் ஈரக் காற்று அட்டையில் பூஞ்சணம் பூக்கச் செய்யும். இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். கறையான் வந்தால் ஓரிரவில் ஓரலமாரி மண்ணாகும். நம் முன்னோர் சுவடிக்கு வசம்பும் வேப்பிலையும் வைத்தது வீண் சடங்கன்று.

இப்புத்தகங்கள் மலாயாவுக்குப் பெண்கள் பள்ளிகளின் வழியே வந்தன. பினாங்கில் லைட் ஸ்திரீட் கான்வென்ட் 1852-ல் தோன்றியது. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி 1893-லும், புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899-லும் தோன்றின. பாடமொழி ஆங்கிலமாதலால் பள்ளியின் புத்தக அலமாரியும் ஆங்கிலமாயிற்று. பரிசளிப்பு விழாவில் கொடுக்கும் புத்தகமும் ஆங்கிலமாயிற்று. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே உத்தியோகஸ்தர் வீட்டுத் தமிழ்ப் பெண்ணும், கிள்ளான் பட்டணத்துக் கடைக்காரர் மகளும், தாங்கள் என்றும் காணாத பனி மலையையும் விடுதிப் படுக்கையறையையும் இவ்வேடுகளில் கண்டனர். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய் மொழிக்கு மாறின. பழைய அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. என் கைக்கு வந்த சில பிரதிகளில் பள்ளி முத்திரையும், வகுப்பும், தமிழ்ப் பெண்ணொருத்தியின் பெயரும் அழகிய கையெழுத்தில் உள்ளன. பெயரை வெளியிடுவது முறையன்று. ஆனால் அந்தப் பெயரைக் காணும்போதெல்லாம், இவள் படித்தாள், இவளுக்கு ஒருவர் பரிசளித்தார் என்பதற்கு உலகில் எஞ்சிய சாட்சி இதுவேயோ என்று தோன்றும். புக்கிட் பிந்தாங் பள்ளிக் கட்டடமே இன்று இல்லை. 2000-ம் ஆண்டில் பள்ளி அவ்விடத்தை விட்டுச் சென்றது. அந்நிலத்தில் 2007-ல் பெவிலியன் என்னும் பெரும் அங்காடி திறக்கப்பட்டது. கட்டடம் போன பின்னும் பள்ளியைச் சொல்லிக் கொண்டிருப்பவை அதன் முத்திரை விழுந்த ஏடுகளே.

இங்கு ஓர் ஆக்ஷேபணை எழும். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பிள்ளைகள் பந்தாடிய கதை நமக்கு எதற்கு? அவற்றில் ஏகாதிபத்தியச் செருக்கும், உயர்குலப் பெருமையும், பிற நாட்டாரை எள்ளுதலும் இல்லையா? உண்டு, மறுப்பதற்கில்லை. சமையற்காரியும் தோட்டக்காரனும் இக்கதைகளில் பெரும்பாலும் வேடிக்கை மாந்தராகவே வந்து போகின்றனர். நம் போன்றோர்க்கு அவற்றில் இடமே இல்லை. ஆயினும் எரித்துவிட்டால் அச்செருக்குக்கும் சாட்சி இல்லாது போகும். நெல்லையும் பதரையும் பிரித்துக் காட்ட வேண்டுமாயின் முறத்தில் இரண்டும் இருத்தல் வேண்டும்.

அன்றியும், அந்த ஆக்ஷேபணை நம்மை வேறொரு கேள்விக்கு இட்டுச் செல்கின்றது. நம் பெண்களின் பள்ளிக் கதை எங்கே? 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, எப்படி வந்தது? பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் ஒரே மணி. பால்மரம் வெட்டத் தாய் விடியலில் பெரட்டுக்குப் போனால், கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் லயத்தில் நின்றாள். தம்பி சிலேட்டை எடுத்துக் கொண்டு போனான். அவளுக்கு நள்ளிரவு விருந்தும் இல்லை, பரிசுப் புத்தகமும் இல்லை. அவளைப் பற்றி நாவல் தொடர் எழுதி ஐம்பது ஆண்டு அச்சிடுவாரும் இல்லை. எனினும் பல இடையூறுகளுக்கு நடுவே எழுத்துக் கூட்டிப் படித்தவளும் அவளே. அக்கதை எந்தப் பந்தாட்டக் கதைக்கும் தாழ்ந்ததன்று.

தமிழ்ப் பெண்களின் பள்ளி வாழ்வில் கதைக்குப் பொருள் இல்லை என்பாரும் உளர். அவர்களுக்கு இரண்டு மூன்று செய்திகள் சொல்வேன். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பள்ளியை 1824-லேயே தொடங்கினார். லண்டனில் பஸ் அம்மையார் பள்ளி நிறுவியதற்கு இருபத்தாறு ஆண்டுகள் முந்தியது இது. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி என்னும் பெண், ஆண் பிள்ளைகளின் கல்லூரியில் ஒற்றைப் பெண்ணாகச் சேர்ந்து பயின்று, 1912-ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமையிலேயே விதவையாக்கப்பட்ட சுப்புலட்சுமி, 1911-ல் பட்டதாரியாகி, தம்மைப் போன்ற பால்ய விதவைகளைத் திரட்டிப் படிக்க வைத்தார். சென்னைக் கடற்கரையில் முன்பு ஐஸ் கட்டி சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டடமே அப்பெண்களின் விடுதியாயிற்று. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட வேண்டியவர்கள் என்று ஊரார் முடிவு கட்டிய சிறுமிகள், அலையோசை கேட்கும் கூடத்தில் அமர்ந்து பாடம் எழுதினர்; ஆசிரியைகளாகி வெளியே வந்தனர். இதைவிட உயர்ந்த பள்ளிக் கதையை எந்த ஆங்கில ஆசிரியை கற்பனை செய்தார்? ஆனால் அவ்விடுதியின் கதையைத் தனி நூலாக உலகறியச் சொன்னவர் மோனிகா பெல்ட்டன் என்னும் ஆங்கில மாது, ஆண்டு 1966. இது நாம் சிந்திக்கத் தக்கது.

கதை நம்மிடம் இருந்தது. ஏடு வைத்திருப்பவர்கள்தாம் குறைவு. குறைவே அன்றி முற்றும் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப் பலகை எழுதும் கலைஞர். பெரும் பதவியாளர் அல்லர். நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், வார இதழ், கலியாணப் பத்திரிகை என்று பிறர் குப்பை என்றவற்றையெல்லாம் ஆயுள் முழுதும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்த பின், அச்செல்வம் சிதறாதபடி சிகாகோ சர்வகலாசாலை அதனை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம் ஒன்று எழுந்தது. தமிழ்நாட்டுச் சரித்திரம் எழுதப் புகும் அறிஞர் இன்று அவ்வாயிலை மிதியாமல் செல்வது அரிது. ஷாலே பள்ளி நூல்களைக் காத்த ஆங்கிலப் பெண்களும், கோட்டையூர் முத்தையாவும் ஒரே குலத்தார். இது பிறப்பால் வருவதன்று. எறியாமல் வைக்கும் குணத்தால் வருவது.

இனி நம் ஊருக்கு வருவோம். பூச்சோங் ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்களும் ஈயக் குட்டைகளுமாக இருந்தது. இன்று மரம் நின்ற மண்ணில் மாடி வீடுகளும் கடைத்தெருக்களும் நிற்கின்றன. லயம் இடிபட்டபோது மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிச் சென்றனர். தகரப் பெட்டியின் அடியிலிருந்த பள்ளிச் சான்றிதழையும், மாணவியர் வரிசையாக நின்ற படத்தையும், ஆண்டு மலரையும் எத்தனை பேர் ஏற்றினர்? கிள்ளான் பள்ளத்தாக்கு முழுதும் இதே கேள்வியைக் கேட்கலாம். 1950-களின் தொடக்கத்தில் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்றத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினர். அத்தகைய பக்கங்களைக் கத்தரித்து ஒட்டி வைத்த நோட்டுப் புத்தகம் எந்த வீட்டுப் பரணில் இருக்கின்றதோ!

பொங்கலுக்கு முன் வீடு கழுவி, பழையன கழித்தல் நம் வழக்கம். கழிக்க வேண்டியவை பல உள; மூடப் பழக்கங்களைத் தாராளமாகக் கழிக்கலாம். ஆனால் பாட்டியின் வாசகப் புத்தகம், அத்தையின் பரிசுப் புத்தகம், அம்மாவின் தேர்ச்சி அட்டை, மூடப்பட்ட தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு ஆகியவை கண்ணிற் பட்டால், நெருப்புக்கும் பழைய காகிதக்காரனுக்கும் கொடுக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். முதற் பக்கத்தில் பெயரும், ஊரும், ஆண்டும் பென்சிலால் குறித்து, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். பாட்டி உயிரோடிருந்தால் அவர் அருகில் உட்கார்ந்து, எந்த வகுப்பு மட்டும் படித்தார், ஏன் நின்றார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மாலைப் பொழுதும் போதும். நாளை நம் பெண்களின் பள்ளிச் சரித்திரத்தை எழுத ஒருத்தி வருவாள். அவள் வரும்போது கையில் எடுத்துக் கொடுக்க ஏதேனும் இருத்தல் வேண்டும்.